பழைய ஆல்டோ, வீட்டுச் சாமான் எல்லாம் மொத்தமா விக்கலாமா? வேகன்ஆருக்கு செகண்ட்ஸ் பார்ட்ஸ் வாங்கலாமா?

தம்பி, உங்க கேள்வியை மத்தவங்களுக்கும் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லிடறேன். கேரளாவுல, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் வீடு, அப்பா தவறிட்டாங்க, அவர் ஓட்டின 2008 ஆல்டோ பொள்ளாச்சி பதிவு, டிஎன் 41, ஷெட்டுலயே நிக்குது. வீட்டைக் காலி பண்ணி கோயமுத்தூர் போறீங்க. ஃப்ரிட்ஜ், இன்வெர்டர் பேட்டரி, குண்டு டிவி, கட்டில், அம்மாவோட பழைய பாத்திரம் எல்லாம் கிடக்குது. ஆக்ரிக்காரர், அதாவது பழைய சாமான் எடுக்கறவர், ஒருத்தர் வந்து சுத்திப் பாத்துட்டு காரையும் சேத்து மொத்தமா ஒரு ரேட் சொல்லிட்டுப் போயிருக்கார், கொடுத்தரலாமான்னு கேக்கறீங்க. அதோட உங்க 2012 வேகன்ஆருக்கு ஆல்டர்னேட்டரும் (வண்டி ஓடறப்ப பேட்டரியை சார்ஜ் பண்றது) ஒரு ஹெட்லைட்டும் செகண்ட்ஸ்ல வாங்கலாமான்னும் கேட்டிருக்கீங்க.

மொத்தமா கொடுக்காதீங்க. மொத்தமா எடுத்துக்கறேன்னு ஒருத்தர் சொல்றார்னா அந்தக் குவியல்ல ரெண்டு மூணு சாமான் அவர் கண்ணுல பட்டிருக்கு, அதோட மதிப்பு உங்களுக்குத் தெரியலைங்கறதும் அவருக்குப் புரிஞ்சிருக்கு. அவர் ஏமாத்தறார்னு நான் சொல்ல வரல, அவருக்கு வண்டி வாடகை இருக்கு, ஆள் கூலி இருக்கு, எடுத்ததுல பாதி மாசக்கணக்குல விக்காம கிடக்கும். நானும் இதே தொழில்தான், மாநில எல்லையில இருக்கிற கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பழைய சாமான் எடுத்து விக்கறவன், அதனால வாங்கறவங்க எப்படி கணக்குப் போடுவாங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து எது என்ன சாமான், யாருக்கு வேணும்னு பிரிச்சு வெச்சுட்டீங்கன்னா அதுக்கப்புறம் அதே ஆக்ரிக்காரர்கிட்டயே மிச்சத்தைத் தாராளமா போடலாம்.

காரை முதல்ல பேசிக்கலாம், ஏன்னா அதுலதான் பணத்தை விட பெரிய வம்பு இருக்கு. விலை பேசறதுக்கு முன்னாடி காகிதத்தை எடுங்க. 2008 வண்டிக்கு 15 வருஷப் பதிவு 2023-லயே முடிஞ்சிருக்கும், அப்பா பேர்லயே இருந்தா வாரிசுப் பேருக்கு மாத்த ஃபாரம் 31 இருக்கு, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் அதுக்கு வேணும். லோன்ல வாங்கின வண்டியா இருந்தா, கடன் முடிஞ்சு எத்தனை வருஷம் ஆனாலும் சரி, ஆர்.சி.ல பேங்க் பேர் அப்படியே நிக்கும், பேங்க்ல என்.ஓ.சி. வாங்கி ஃபாரம் 35 போட்டு எடுக்கணும். அரசோட பரிவாகன் தளத்துல நம்பரைப் போட்டுப் பாருங்க, பழைய அபராதம், பேங்க் பேர் எல்லாம் அதுலயே தெரிஞ்சிடும்.

இப்ப உங்களுக்கு மூணு வழி இருக்கு. வண்டியை ரெடி பண்ணி எஃப்.சி. காட்டி பதிவைப் புதுப்பிச்சு ஓடற வண்டியா விக்கறது ஒண்ணு. கார் பதிவு புதுப்பிக்க 2022 ஏப்ரல்ல இருந்து ஃபீஸே 5,000 ரூபாய், தாமதக் கட்டணம், கிரீன் டாக்ஸ், தகடு வேலை, டயர் எல்லாம் தனி. நீங்க அனுப்பின போட்டோல கால் வைக்கற இடத்துல தகடு ஓட்டை விழுந்து ரோடு தெரியுது, அந்த வண்டிக்கு இந்தச் செலவு திரும்பி வராது. ரெண்டாவது, கட்டிங் பண்றவங்ககிட்ட கொடுக்கறது, அதாவது கழட்டி பார்ட்ஸா விக்கறவங்க. மூணாவது, 2021 விதிப்படி அரசு பதிவு பண்ணின ஸ்கிராப் மையத்துல கொடுக்கறது. வண்டி எந்த மாநிலப் பதிவா இருந்தாலும் எந்த மாநில மையத்துலயும் எடுப்பாங்க, கொடுத்ததுக்கு டெபாசிட் சர்ட்டிபிகேட்டும் அப்புறம் ஸ்கிராப் ஆன சான்றும் வரும், பதிவும் ரத்தாகும். அந்த டெபாசிட் சர்ட்டிபிகேட்டை வெச்சு அடுத்து புதுக் கார் வாங்கினா பதிவுக் கட்டணம் கிடையாதுன்னும், சாலை வரியில 25 சதவீதம் வரைக்கும் மாநில அரசு சலுகை தரலாம்னும் மத்திய அரசு விதி இருக்கு. உங்களுக்கு நான் சொல்றது இந்த மூணாவது வழிதான். கட்டிங் பார்ட்டி நாலாயிரம் அஞ்சாயிரம் கூடவே தரலாம், ஆனா இந்த வண்டி அப்பா பேர்ல இருக்கு, அவர் வந்து கையெழுத்துப் போட முடியாது, பின்னாடி ஒரு பிரச்சனைன்னு வந்தா வீட்டு வாசல்ல நிக்கப்போறது நீங்களும் அம்மாவும்தான்.

என்ன பிரச்சனை வரும்னு விளக்கமா சொல்றேன், நெறைய பேருக்கு இது தெரியறதில்ல. ஆர்.சி.யையும் சேத்துக் கொடுங்க, கூட ரெண்டாயிரம் தரேன்னு ஒருத்தர் சொன்னா அங்கயே பேச்சை நிறுத்திடுங்க. உடைக்கப்போற வண்டிக்கு ஆர்.சி. எதுக்குங்க? அதே மாடல், அதே கலர்ல எங்கயோ திருடின வண்டிக்கு உங்க அப்பா வண்டியோட சேஸிஸ் நம்பரை அடிச்சு, உங்க ஆர்.சி.யை வெச்சு ஓட்டறதுக்குத்தான். மாநில எல்லையில இது இன்னும் சுலபம், அந்தப் பக்கம் போலீசுக்கு இந்தப் பக்கம் வண்டி கண்ணுல படாது. அதனால கட்டிங்குக்கே கொடுக்கறதா முடிவு பண்ணினாலும் ரெண்டு விஷயம் விட்டுக்கொடுக்காதீங்க. பானெட்டைத் தூக்கினா இன்ஜினுக்குப் பின்னாடி இருக்கிற தகட்டுல எம்ஏ3-ன்னு ஆரம்பிச்சு 17 எழுத்தா சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும், அந்தத் துண்டை உங்க கண்ணு முன்னாடியே வெட்டி உங்க கையில வாங்கிக்குங்க, நம்பர் பிளேட்டையும் கழட்டிக்குங்க. அப்புறம் அந்தத் துண்டோட ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் பதிவை ரத்து பண்ணுங்க, வண்டி பயன்படாம போனா 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவே சொல்லுது. ஓடற நிலையில யாருக்காவது கொடுத்துட்டு பேர் மாத்தாம விடறதும் அதே அளவு ஆபத்து. விபத்து நடந்தா ஆர்.சி.ல பேர் இருக்கறவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு உச்ச நீதிமன்றம் 2018-லயே தெளிவா சொல்லிருச்சு, வண்டி கை மாறி நாலு பேர்கிட்ட போயிருந்தாலும் அதேதான்.

ஸ்கிராப் மையத்துக்கு வண்டியை முழுசா கொடுக்கணும், இன்ஜின் கியர்பாக்ஸ் இல்லாம கொண்டுபோனா விலையைக் குறைச்சிருவாங்க. ஸ்டீரியோ, ஸ்பீக்கர், சமீபத்துல போட்ட பேட்டரி இந்த மாதிரி மட்டும் முன்னாடியே கழட்டிக்கலாம். டயரைக் கழட்டி விக்கலாம்னு நெனச்சா முதல்ல பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்கத்தைப் பாருங்க, 2319-ன்னு இருந்தா 2019-ல 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், ஆறேழு வருஷம் தாண்டினது பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், அதை இன்னொருத்தர் வண்டியில ஓடவிடறது பாவம், வேண்டாம்.

கார்ல இன்னொரு சாமான் பத்தி கட்டாயம் சொல்லணும், சைலன்சர் லைன்ல முன்னாடி இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். வெளிய பாத்தா துருப்பிடிச்ச டப்பாதான், உள்ள தேன்கூடு மாதிரி பீங்கான் இருக்கும், அது மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பாங்க. மூணும் விலை உசந்த உலோகம், அதுக்குன்னே தேடி வாங்கறவங்க இருக்காங்க. பழைய இரும்பு எடையில அதைப் போடவே போடாதீங்க. ஒர்க்ஷாப்ல சைலன்சர் மாத்தினா பழசை எங்கன்னு கேட்டு வாங்குங்க, இது வேகன்ஆருக்கும் சேத்துத்தான் சொல்றேன். மையத்துல விலை பேசறப்ப கன்வெர்ட்டர் ஒரிஜினல் இருக்குங்கன்னு நீங்களே எடுத்துச் சொல்லுங்க, தெரிஞ்ச ஆள்னு புரிஞ்சுக்குவாங்க.

இனி வீட்டுச் சாமானுக்கு வருவோம். ஃப்ரிட்ஜ் ஓடுதுன்னா இரும்புக் கடைக்குப் போகக்கூடாது, ஓடற சாமானுக்கு ஆளைத் தேடணும். நம்ம பக்கம் மாசி, பங்குனியில வெயில் ஏற ஆரம்பிச்சதும் பாலக்காடு முழுக்க பழைய ஃப்ரிட்ஜுக்கு ஆள் வரும், ஓணம் எக்ஸ்சேஞ்ச் முடிஞ்ச உடனே கடைக்காரங்ககிட்டயே பழசு குவிஞ்சு கிடக்கும், அப்ப கொண்டுபோனா அடிமாட்டு விலைக்குத்தான் கேப்பாங்க. கட்டில், ஃபேன், கேஸ் அடுப்பு மாதிரி சாமானுக்கு கஞ்சிக்கோடு கம்பெனிகள்ல வேலை செய்யற வடக்கத்தி பசங்க வாடகை ரூம் எடுத்துத் தங்கறாங்க இல்லையா, அங்க நல்லா போகும். மேஜை, புக் ஷெல்ஃப், சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் கோயமுத்தூர்ல காலேஜ் திறக்கற நேரத்துல நிமிஷமா போயிரும், நீங்க எப்படியும் அங்கதான் போறீங்க, இடம் இருந்தா எடுத்துட்டுப் போய் வில்லுங்க. பார்டர்ல பிடிப்பாங்கன்னு பயப்பட வேண்டாம், வீட்டுல புழங்கின பழைய சாமானுக்கு ஜி.எஸ்.டி.ல இ-வே பில் தேவையில்ல. ஓடாத ஃப்ரிட்ஜா இருந்தா அப்படியே முழுசா போடுங்க, கம்ப்ரஸர் செம்புக்காக பைப்பை வெட்டாதீங்க, பின்னாடி ஸ்டிக்கர்ல ஆர்600ஏ-ன்னு போட்டிருந்தா உள்ள இருக்கறது தீப்பிடிக்கிற கேஸ்.

இன்வெர்டர் பேட்டரியைத் தனியா விக்கறதை விட புதுசு வாங்கறப்ப எக்ஸ்சேஞ்ச் போடறதுதான் லாபம், ரெண்டு கடைல கேட்டுப் பாருங்க, வித்தியாசம் நல்லாவே தெரியும். தூக்க எடை குறையும்னு ஆசிட்டை வாய்க்கால்ல ஊத்திடாதீங்க தம்பி, அதுல காரீயம் கலந்திருக்கும், நம்ம பக்கம் கிணத்துத் தண்ணியைத்தான் இன்னும் பல வீட்டுல குடிக்கறாங்க. குண்டு டிவிக்கு விலை எதிர்பாக்காதீங்க. செம்புச் சுருளுக்காக பின்னாடி கழுத்தை உடைச்சு எடுத்துட்டு மீதியை ரோட்டோரம் போடற பழக்கம் இருக்கு, அந்தக் கண்ணாடியிலயும் காரீயம்தான். வீடு வீடா வந்து கழிவு எடுக்கற உங்க பஞ்சாயத்து ஹரித கர்ம சேனா அக்காமார்கிட்ட இ-வேஸ்ட் எப்ப எடுப்பாங்கன்னு கேளுங்க, அவங்க வழியா கிளீன் கேரளா கம்பெனிக்குப் போயிரும். ராத்திரியோட ராத்திரியா தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டறேன்னு எவனாவது டெம்போ கொண்டுவந்தா வேண்டவே வேண்டாம்னு அனுப்பிருங்க. அந்தப் பக்கம் இருக்கிற ஊரும் நம்ம சொந்தக்காரங்க ஊர்தான்.

அம்மாவோட பாத்திரம்தான் உங்க வீட்டுல பெரிய விஷயம், அதை ஆக்ரிக்காரர் சாக்குல போட்டுக் கட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா வெளிய எடுத்து வையுங்க. வண்ணாமடை பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன், நான் போறதுக்கு முன்னாடியே அலுமினியம், பித்தளைன்னு ரெண்டு சாக்கு கட்டி வெச்சிருந்தாங்க. பித்தளைச் சாக்கைத் திறந்தா அடியில கரி ஏறிக் கறுத்துப்போன உருளி ஒண்ணு, ஒரு ஆள் ரெண்டு கையாலயும் தூக்கணும். புளியை ஊறவெச்சு ஒரு ஓரத்துல தேச்சேன், மஞ்சளா வரல, லேசா சிவப்பும் வெள்ளையும் கலந்த மாதிரி வந்துச்சு. கயித்துல தூக்கிப் பிடிச்சு விரலை மடக்கி விளிம்புல ஒரு தட்டு தட்டினேன், பித்தளைன்னா டக்குன்னு அடங்கிடும், இது ரொம்ப நேரம் இழுத்துச்சு. அது வெண்கலம்ங்க, ஓட்டுருளி. பித்தளைல செம்போட துத்தநாகம் கலப்பாங்க, வெண்கலத்துல தகரம், அதாவது வெள்ளீயம், கலப்பாங்க, நல்ல வார்ப்புல கிட்டத்தட்ட 78 பங்கு செம்பு, 22 பங்கு தகரம். தகரம் துத்தநாகத்தை விட பல மடங்கு விலை. அதனால வெறும் எடைக்குப் போட்டாலே ரேட் வேற, ஓட்டை விரிசல் இல்லாத பழைய உருளியா இருந்தா எடைக்கே போடக்கூடாது, வீட்டு முன்னாடி தண்ணி ஊத்திப் பூப் போட்டு வைக்கறதுக்குன்னு ஓட்டல்காரங்களும் புதுசா வீடு கட்டறவங்களும் தேடிட்டு இருக்காங்க. அந்த வீட்டம்மா கடைசில அதை விக்கவே இல்ல, பேத்திக்குன்னு எடுத்து உள்ள வெச்சுட்டாங்க. எனக்கு வியாபாரம் போச்சு, ஆனாலும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

கட்டிலும் அப்படித்தான். பெயிண்ட் அடிச்சிருந்தா அடியில ஒரு மூலைல சுரண்டிப் பாருங்க, தேக்கா, ஈட்டியா (ரோஸ்வுட்), பலாவான்னு ஒரு ஆசாரியைக் கூட்டி வந்து காட்டுங்க, அவருக்கு ஒரு 500 ரூபாய் கொடுத்தாலும் தகும். பழைய ஈட்டிக் கட்டிலும் கதவு நிலையும் நம்ம பக்கம் அடிமட்ட விலைக்குப் போய் மட்டாஞ்சேரியிலயும் காரைக்குடியிலயும் பழம்பொருள் கடைல நிக்குது. சாமி விக்கிரகம் ஏதாவது இருந்தா மட்டும் யார்கிட்டயும் விலை பேசாதீங்க, 100 வருஷம் தாண்டின சிலையா இருந்தா அது 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும், பதிவு பண்ணணும், லைசென்ஸ் இல்லாதவர் வாங்கி விக்கறது குற்றம்.

எடை போடறப்ப ஒண்ணு செய்யுங்க. டிஜிட்டல் தராசுன்னு நம்பிடாதீங்க, அஞ்சு லிட்டர் கேன்ல தண்ணியை அளந்து ஊத்தி முதல்ல அதை வைக்கச் சொல்லுங்க, கேன் எடையையும் சேத்து அஞ்சு கிலோவுக்குக் கொஞ்சம் மேல காட்டணும், நாலரைன்னு காட்டினா அந்தத் தராசை எடுத்துட்டுப் போகச் சொல்லிருங்க. நேர்மையான ஆள் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.

ஆன்லைன்ல போட்டு வித்தா ஒரே ஒரு எச்சரிக்கை. பட்டாளத்துல இருக்கேன், நேர்ல வர முடியாது, அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கன்னு வரும். பணம் வாங்கறதுக்கு யு.பி.ஐ.ல பின் நம்பர் போடவே தேவையில்ல, பின் கேட்டா உங்க பணம் வெளிய போகுதுன்னு அர்த்தம். அம்மாவுக்கும் சொல்லி வையுங்க. பணம் போயிட்டா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது.

இப்ப வேகன்ஆர். செகண்ட்ஸ் வாங்கலாமான்னா தாராளமா வாங்கலாம், ஆனா எல்லாத்தையும் இல்ல. பிரேக் பேட், பிரேக் ஹோஸ், ஏர்பேக், சீட் பெல்ட் இதெல்லாம் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் பழசு வேண்டாம், உயிர் சமாச்சாரம். ஹெட்லைட், டோர், பம்பர், கண்ணாடி, சீட், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ரேடியேட்டர் ஃபேன் இதெல்லாம் கழட்டின ஒரிஜினல் கிடைச்சா டூப்ளிகேட் புதுசை விட மேல்னு நான் அடிச்சுச் சொல்வேன். டூப்ளிகேட் ஹெட்லைட் ஒரே வருஷத்துல மஞ்சளாகும், ராத்திரில வெளிச்சம் சிதறும். பழசுல மூணு மாட்டற காதும் உடையாம இருக்கா, உள்ள ஈரம் படிஞ்ச தடம் இருக்கான்னு பாத்துக்குங்க, பசை போட்டு ஒட்டின காது குழில விழுந்த முதல் நாளே போயிரும்.

2012 வேகன்ஆர்ல இருக்கறது கே10பி இன்ஜின், 998 சி.சி. 2010-க்கு முன்னாடி வந்த வேகன்ஆர்ல 1061 சி.சி., அது வேற இன்ஜின், கடைல வேகன்ஆர் ஆல்டர்னேட்டர்னு மட்டும் கேட்டா மாத்திக் கொடுத்துருவாங்க. ஆல்டோ கே10, ஏ-ஸ்டார் ரெண்டுலயும் கே10பி உண்டு, அதனால அந்த வண்டிச் சாமானையும் கேட்டுப் பாக்கலாம், ஆனா பழைய ஆல்டர்னேட்டரைக் கழட்டிக் கையோட கொண்டுபோய் பார்ட் நம்பர், புல்லி, பிளக், போல்ட் போடற இடம் நாலையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடாம வாங்காதீங்க. புல்லியைக் கையால சுத்துங்க, கரகரன்னு சத்தம் வந்தாலோ ஆட்டினா ஆடினாலோ பேரிங் போயிருக்கு. பின்பக்கத் துவாரம் வழியா செம்புச் சுத்தைப் பாருங்க, ஒரு இடம் மட்டும் கறுத்திருந்தா எரிஞ்சது. கடைசியா எலக்ட்ரீஷியன்கிட்ட ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, 13.8-ல இருந்து 14.4 வோல்ட்டுக்குள்ள நிக்கணும், லைட், ஏ.சி. லோடு போட்டாலும் ரொம்ப இறங்கக்கூடாது.

வெள்ளத்துல மூழ்கின வண்டிச் சாமானை கவனிங்க. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல நம்ம மாநிலத்துல எத்தனை கார் தண்ணிக்குள்ள நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதுக்கப்புறமும் வருஷா வருஷம் எங்கயாவது ஒரு ஊர் மூழ்குது, அந்த வண்டியெல்லாம் ஏலத்துல போய் பார்ட்ஸா வருது. வெளிய கழுவித் துடைச்சிருப்பாங்க. பிளக்கைப் பிரிச்சு உள்ள பின்னைப் பாருங்க, பச்சை பூத்திருக்கும், அலுமினிய உடம்புல வெள்ளைப் பொடி உக்காந்திருக்கும். வண்டியே கடைல நின்னா சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, உள்ள சுத்தியிருக்கிற பாகத்துல சேறு கோடு தெரியும். மின்சாரச் சாமான், ஈ.சி.எம். (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர்) இதெல்லாம் அந்த வண்டில இருந்து வாங்கவே கூடாது. ஈ.சி.எம். எப்பவாவது வாங்கவேண்டி வந்தா இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) சாவியும் சேந்த செட்டா வாங்குங்க, தனியா வாங்கினா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

பில் கேளுங்க, சின்ன சாமானுக்கும் கேளுங்க. திருட்டுச் சாமான்னு தெரிஞ்சே வாங்கினா பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் தண்டனை, தெரியாம வாங்கினேன்னு காட்டறதுக்கு உங்க கையில கடை பேர் போட்ட பில்தான் இருக்கு. இன்ஜினா இருந்தா நம்பர் எழுதின பில் இல்லாம தொடவே கூடாது, மாத்தினதை ஆர்.சி.லயும் ஏத்தணும். கடைக்காரர் சாமான் மேல பெயிண்ட்ல ஒரு குறி போடுவார், அது அழிஞ்சாலோ நீங்க பிரிச்சாலோ திரும்ப எடுக்க மாட்டார், அதனால செக்கிங், அதாவது மாட்டிப் பாத்துத் திருப்பிக் கொடுக்கற அவகாசம், எத்தனை நாள்னு பில்லுலயே எழுதி வாங்கிக்குங்க.

கடை எங்கன்னா, உங்களுக்குக் கிட்ட கோயமுத்தூர் உக்கடம் ஆத்துப்பாலம் சுத்துவட்டாரம்தான், சென்னை புதுப்பேட்டை வரைக்கும் போகத் தேவையில்ல. பொள்ளாச்சி ரோட்டுல வந்தாலும் பாலக்காடு ரோட்டுல வந்தாலும் 2024-ல திறந்த புது மேம்பாலத்துல ஏறிடாதீங்க, கீழ் ரோட்டைப் பிடிங்க, ஏறிட்டா கடையெல்லாம் அடியில நின்னுக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்கு நெறைய கடை சாத்தியிருக்கும், வேற நாள் காலைல பத்து பத்தரைக்குப் போங்க, வெளிச்சம் இருக்கறப்ப பாத்து வாங்கிட்டு அங்கயே மாட்டி ஓட்டிப் பாத்துட்டு கிளம்பலாம். ஆல்டர்னேட்டர் பார்ட் நம்பரை மட்டும் போட்டோ எடுத்து இங்க போடுங்க, எந்த வண்டிது சேரும்னு பாத்துச் சொல்றேன்.